நைட் ஷிஃப்டில் தூக்கம் பழகுகிறது, வயிறு ஏன் பழகவில்லை?

கேள்வி இதுதான்: "நான்கு மாதமாக இரவு வேலை. பகலில் தூங்குவது ஓரளவு பழகிவிட்டது. ஆனால் நள்ளிரவில் சாப்பிட்டால் வயிறு கல் போட்ட மாதிரி கிடக்கிறது. உடம்பின் கடிகாரம் மூளையில் இருக்கிறது என்று படித்தேன். அப்படியானால் தூக்கம் பழகியபோது வயிறும் சேர்ந்து பழகியிருக்க வேண்டாமா? மனிதனும் மற்ற பாலூட்டிகளும் உடம்புக்குள் நேரத்தை எப்படிக் காக்கின்றன?"

மூளையில் ஒரே ஒரு கடிகாரம்தான் என்றால் நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் கல்லீரலில் ஒன்று, கணையத்தில் ஒன்று, குடல் சுவரில், சிறுநீரகத்தில், தோலில் என்று கிட்டத்தட்ட எல்லாச் செல்லுக்கும் சொந்தக் கடிகாரம் இருக்கிறது. மூளையில் இருப்பது இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு. உங்கள் வயிற்றுக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் தூக்கம் "பழகிவிட்டது" என்பதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, அதையும் அங்கேயே சொல்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்திய பழக்கம், அடிப்படையைச் சொல்லாமல் முடிவுக்குப் போக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே பகலும் இரவும் மாறி மாறி வருவதால்தான் உடம்பு விழிக்கிறது, தூங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதை ஒரு சுண்டெலியே காட்டிவிடும். ஓடுசக்கரம் வைத்த கூண்டில் அதை விட்டு, அறையை எந்நேரமும் இருட்டாக வைத்துவிடுங்கள். வெப்பமும் மாறக் கூடாது. எலி குழம்பிப்போகாது. ஓட ஒரு நேரம், உறங்க ஒரு நேரம் என்று வாரக்கணக்கில் ஒழுங்காக நடத்தும். ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாக ஓடத் தொடங்கும். ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் கறுப்புச் சுண்டெலிக்கு ஒரு சுற்று 24 மணி நேரத்துக்குக் கால் மணி போலக் குறைவு. அந்தக் கால் மணிப் பிசகுதான் நமக்குச் சாட்சி. வெளியிலிருந்து ஏதோ ஒரு குறிப்பு எலிக்குத் திருட்டுத்தனமாகக் கிடைத்துக்கொண்டிருந்தால் சுற்று மிகச் சரியாக 24 மணி நேரமாக இருந்திருக்கும். பிசகுகிறது என்றால் அது பார்ப்பது தன் சொந்தக் கடிகாரத்தை. 1959-ல் ஃபிரான்ஸ் ஹால்பர்க் 'சர்க்காடியன்' என்ற சொல்லை உண்டாக்கியபோது "ஏறக்குறைய ஒரு நாள்" என்ற பொருள் வரும்படி லத்தீனில் அமைத்தார். அந்த 'ஏறக்குறைய'தான் முக்கியம்.

மனிதனுக்கு எவ்வளவு? 1960-களில் ஜெர்மனியில் மியூனிக் நகருக்குப் பக்கத்தில், ஆண்டெக்ஸ் என்ற ஊரில், யூர்கன் ஆஷாஃப்பும் ரூட்கர் வீவரும் நிலத்தடியில் ஓர் அறை கட்டி, கடிகாரமும் சூரியனும் இல்லாமல் ஆட்களை வாரக்கணக்கில் தங்க வைத்தார்கள். கிடைத்த விடை சுமார் 25 மணி நேரம். அது இன்றும் பல பாடப்புத்தகங்களில் இருக்கிறது, தவறாக. உள்ளே இருந்தவர்கள் விளக்கைத் தாங்களே போட்டு அணைத்துக்கொண்டார்கள். தூங்கப் போகும் முன் எரியும் விளக்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் என்பது அப்போது தெரியாது. 1999-ல் ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் சைஸ்லர் குழு மங்கிய வெளிச்சத்தில், ஒரு 'நாளை' 28 மணி நேரமாக நீட்டி ஆட்களை வாழ வைத்தது. கடிகாரத்தால் அவ்வளவு நீளத்துக்கு இழுபட முடியாது. கயிற்றை அறுத்துக்கொண்டு தன் வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். அப்படி அளந்தபோது வந்த சராசரி 24 மணி 11 நிமிடம். ஆளுக்கு ஆள் வித்தியாசமும் சிறிதாகவே இருந்தது.

சரி, இந்தக் கடிகாரம் எங்கே? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கர்ட் ரிக்டர் என்றொருவர் எலிகளின் சுரப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எதை எடுத்தாலும் தாளம் நிற்கவில்லை. மூளையின் அடியில் ஹைபோதலாமஸின் முன்பகுதியைச் சிதைத்தபோதுதான் குலைந்தது. 1972-ல் சிகாகோவில் ராபர்ட் மூர், விக்டர் ஐக்லர் இருவரும், பெர்க்லியில் ஃபிரெடரிக் ஸ்டீபன், இர்விங் ஜக்கர் இருவரும் தனித்தனியாக இன்னும் துல்லியமாகக் குறி வைத்தார்கள். இரண்டு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு நேர் மேலே, இடமும் வலமுமாக இரண்டு சின்ன நரம்பணுக் கொத்துகள். பெயர் வாயில் நுழையாது: சுப்ராகையாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். இனி எஸ்.சி.என். என்றே சொல்கிறேன். எலியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10,000 நியூரான்கள், கடுகை விடச் சிறியது. இதைச் சிதைத்தால் எலி தூங்கும், விழிக்கும், தண்ணீர் குடிக்கும், ஓடும். ஆனால் எல்லாம் நேரம் காலம் இல்லாமல், துண்டு துண்டாக.

ஒரு சந்தேகக்காரர் இங்கே குறுக்கிடலாம். வானொலியின் ஒரு கம்பியை அறுத்தால் பாட்டு நிற்கிறது, அதற்காக அந்தக் கம்பிதான் பாடியது என்று சொல்ல முடியுமா? நியாயமான கேள்வி. இதற்கான பதில் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சின்னப் பிராணியிடமிருந்து வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை இது.

மார்ட்டின் ரால்ஃப் அப்போது மைக்கேல் மெனக்கரின் ஆய்வகத்தில் மாணவர். வெளியிலிருந்து வாங்கிய ஹாம்ஸ்டர்களில் ஓர் ஆண் மட்டும் விசித்திரமாக இருந்தது. அதன் நாள் 22 மணி நேரம். வேறொருவராக இருந்தால் கருவி கோளாறு என்று ஒதுக்கியிருப்பார். அவர்கள் அதை இனப்பெருக்கம் செய்து பார்த்தார்கள். ஒரே ஒரு மரபணுவின் மாற்றம் அது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற குட்டிகளுக்கு நாள் 20 மணி நேரம்தான். 1988-ல் இது வெளியானது. 1990-ல் அடுத்த படி. ஒரு ஹாம்ஸ்டரின் எஸ்.சி.என். பகுதியை அழித்து அதன் தாளத்தைக் குலைத்தார்கள். பிறகு இன்னொரு ஹாம்ஸ்டரின் கருவிலிருந்து எடுத்த எஸ்.சி.என். திசுவை அந்த மூளைக்குள் வைத்தார்கள். சில நாட்களில் தாளம் திரும்பியது. யாருடைய தாளம்? தானம் தந்த உயிரின் தாளம். சாதாரண ஹாம்ஸ்டருக்குள் 20 மணி நேரத் திசுவை வைத்தால் அது 20 மணி நேர நாள் வாழ்ந்தது. மாற்றி வைத்தால் மாறியது. உடம்பு முழுக்க ஒன்று சொல்ல, அந்தத் துளித் திசு வேறொன்று சொல்ல, ஜெயித்தது துளிதான். கம்பியா, பாடகரா என்ற கேள்வி அதோடு முடிந்தது.

எஸ்.சி.என். இல்லாத எலி கூண்டில் நன்றாகவே வாழ்கிறது என்று சொன்னேன். பிறகு எதற்கு இவ்வளவு ஏற்பாடு? பாட்ரீசியா டிகோர்சி என்ற ஆய்வாளர் காட்டில் வாழும் சிப்மங்க் அணில்களில் சிலவற்றுக்கு எஸ்.சி.என்.ஐ நீக்கித் திரும்பக் காட்டிலேயே விட்டார். 2000-ல் வெளியான அந்த ஆய்வில், நீக்கப்பட்டவையே அதிகமாக வேட்டையாடப்பட்டன. கீரி போன்ற வீசல் என்ற பிராணியின் வேலை. நீக்கப்பட்ட அணில்கள் இரவில் வளைக்குள் சும்மா கிடக்காமல் அசைந்துகொண்டிருந்தன. அந்தச் சலசலப்பே காட்டிக்கொடுத்திருக்கலாம் என்பது அவர் ஊகம். கூண்டில் தெரியாத செலவு காட்டில் தெரிகிறது.

இனி செல்லுக்குள் போவோம். ஒரு செல் எப்படி 24 மணி நேரத்தை எண்ணும்? மாடியில் தண்ணீர்த் தொட்டியும் அதில் தானாக அணையும் மோட்டாரும் இருக்கிறது அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும், தொட்டி நிரம்பும், நிரம்பியதும் மிதவை மோட்டாரை நிறுத்தும், தண்ணீர் செலவானதும் மறுபடி ஓடும். செல்லில் மோட்டார் என்பது கிளாக், பிமால்-1 என்ற இரண்டு புரதங்களின் ஜோடி. இவை பீரியட், கிரிப்டோகுரோம் என்ற மரபணுக்களை முடுக்குகின்றன. அவற்றிலிருந்து உண்டாகும் புரதங்கள் செல்லில் சேர்ந்து, உட்கருவுக்குள் திரும்பி வந்து, தங்களை உண்டாக்கிய அந்த ஜோடியையே அடக்கிவிடும். உற்பத்தி நிற்கும். இருக்கும் புரதம் சிதைந்து தீரும். தீர்ந்ததும் ஜோடி மறுபடி எழும். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நாள்.

இதில் கவனிக்க வேண்டியது தாமதம். புரதம் உண்டான அடுத்த நிமிடமே அடக்கத் தொடங்கினால் ஏற்றமும் இறக்கமும் வராது, ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அந்தத் தாமதத்தை அளந்து வைப்பவற்றில் ஒன்று கேசீன் கைனேஸ்-1 என்ற நொதி. அது பீரியட் புரதத்தின் மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டி, எப்போது சிதைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2000-ல் அந்த 20 மணி நேர ஹாம்ஸ்டரின் மரபணு எது என்று தேடிப் பிடித்தபோது, கிடைத்தது இந்த நொதியின் மரபணுதான். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு விசித்திரமான குடும்பத்தைப் பற்றிய செய்தி வந்திருந்தது. மாலை ஏழரை மணிக்கே கண் சொருகி, விடியற்காலை நாலரைக்கு முழுதாக விழித்துவிடும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு. 2001-ல் காரணம் தெரிந்தது: பீரியட்-2 புரதத்தில், இந்த நொதியின் வேலை தொடங்கும் பகுதியில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. எட்டு மணிக்கே படுக்கப்போகும் உறவினரைச் சோம்பேறி என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

(பீரியட் மரபணு முதலில் பிடிபட்டது பழ ஈயில், 1971-ல், ரொனால்ட் கொனாப்கா, சீமோர் பென்சர் இருவரால். அதைப் பிரித்தெடுத்து இயங்குமுறையை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு. பாலூட்டியில் கிளாக் மரபணுவைக் கண்டுபிடித்த ஜோசஃப் தகஹாஷிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.)

24 மணி 11 நிமிடம் ஓடும் கடிகாரத்தைத் தினமும் யாராவது திருத்தியாக வேண்டும். திருத்துவது வெளிச்சம், அதுவும் கண் வழியாக மட்டும். ஆனால் பார்ப்பதற்கான கண் வேறு, இதற்கான கண் வேறு. 1990-களில் ரஸ்ஸல் ஃபாஸ்டர் பார்வைச் செல்கள் அழிந்த சுண்டெலிகளை வைத்து வேலை செய்தார். அவற்றுக்கு உருவம் எதுவும் தெரியாது, ஆனாலும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கடிகாரம் திருந்தியது. கண்ணையே எடுத்துவிட்டால் திருந்தவில்லை. அப்படியானால் விழித்திரையில் நமக்குத் தெரியாத ஓர் உணர்வி இருக்க வேண்டும். அதற்கான நிறமி முதலில் கிடைத்த இடம் யாரும் எதிர்பார்க்காதது: தவளையின் தோல். 1998-ல் இக்னாசியோ ப்ரோவென்சியோ அதைக் கண்டுபிடித்து மெலனாப்சின் என்று பெயரிட்டார். பிறகு அது மனித விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது. 2002-ல் டேவிட் பெர்சன் குழு, விழித்திரையின் நரம்புச் செல்களில் ஒரு சிறு கூட்டம் இந்த நிறமியால் தானே ஒளியை உணர்ந்து நேராக எஸ்.சி.என்.-க்குச் சொல்வதைக் காட்டியது. எலிகளில் இந்தச் செல்களை மட்டும் அழித்தால், அவை நன்றாகப் பார்க்கும், ஆனால் பகல் இரவு தெரியாமல் தம் சொந்தக் கணக்கில் ஓடும்.

இந்தச் செல்களுக்கு நீல வெளிச்சம்தான் அதிகம் உறைக்கும், 480 நானோமீட்டர் அளவில். இவை மெதுவானவை, படம் பிடிப்பதில்லை, வெளிச்சத்தைக் கூட்டிக் கணக்கு வைக்கின்றன. வீட்டு விளக்கு நூறு, இருநூறு லக்ஸ் என்றால் வெளியே வெயிலில் பத்தாயிரங்கள். அதனால் காலையில் தெருவில் கால் மணி நேரம் நிற்பது, வீட்டுக்குள் டியூப்லைட் அடியில் பல மணி நேரம் உட்கார்வதை விடக் கடிகாரத்துக்குப் பெரிய செய்தி. வெளிச்சம் விழும் நேரமும் முக்கியம். இரவின் முற்பகுதியில் விழுந்தால் கடிகாரம் பின்னுக்குப் போகும். விடியலை ஒட்டி விழுந்தால் முன்னுக்கு வரும். நடுப்பகலில் விழுந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்த மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எஸ்.சி.என். தன் நேரத்தை உடம்புக்கு எப்படிச் சொல்கிறது? பல வழி. எல்லோருக்கும் தெரிந்தது மெலடோனின் என்ற ஹார்மோன். அதைச் சுரக்கும் பீனியல் சுரப்பி மூளையில் எஸ்.சி.என்.-இலிருந்து வெகு தூரத்தில் இல்லை, ஆனால் செய்தி போகும் பாதை பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது மாதிரி: ஹைபோதலாமஸிலிருந்து தண்டுவடம் இறங்கி, வெளியே வந்து, கழுத்தில் உள்ள நரம்பு முடிச்சுக்கு ஏறி, அங்கிருந்து மறுபடி மண்டைக்குள். பாதி வழியில் கழுத்துத் தண்டுவடம் முறிந்தவர்களுக்கு இரவு மெலடோனின் நின்றுபோவது இதனால்தான். மெலடோனினைத் 'தூக்க ஹார்மோன்' என்று எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. எலிக்கும் இரவில்தான் மெலடோனின் சுரக்கும், அப்போதுதான் எலி ஓடியாடி இரை தேடும். அது சொல்வது "தூங்கு" என்றல்ல, "இப்போது இரவு". அதை வைத்து என்ன செய்வது என்பது அந்தந்தப் பிராணியின் பாடு. எஸ்.சி.என்.-உம் இப்படித்தான். பகலில் விழிக்கும் பிராணியானாலும் இரவில் விழிக்கும் பிராணியானாலும் அதன் நியூரான்கள் அதிகம் துடிப்பது பகலில்தான்.

இரவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் மெலடோனின் சுரப்பதால், அது பருவத்தையும் சொல்லிவிடும். ஐரோப்பியச் செம்மறி ஆடு இரவு நீளும் இலையுதிர் காலத்தில் சினைக்கு வரும். குட்டி வசந்தத்தில் பிறக்கும். ஹாம்ஸ்டருக்கு நேர்மாறு, பகல் நீண்டால்தான் இனப்பெருக்கம். மதுரைப் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் சொச்சம்தான். நம் செம்மறிகள் ஏறக்குறைய ஆண்டு முழுக்கவும் ஈனுவதில் ஆச்சரியமில்லை.

மதுரை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தத் துறையில் உலகம் கவனித்த வேலை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரன், ஜெர்மனியின் டூபிங்கனில், இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் பூனிங்கிடம் இருந்துவிட்டு வந்தவர். அவரும் ஜி. மாரிமுத்து முதலியோரும் சுற்றுவட்டார மலைக்குகைகளின் பூச்சியுண்ணி வௌவால்களை எடுத்துக்கொண்டார்கள். குகையின் உள்ளே எந்நேரமும் கும்மிருட்டு. அங்கே தொங்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். சுற்றி மற்ற வௌவால்கள் மாலையில் வெளியே பறந்து, விடியலில் திரும்பி வந்துகொண்டிருந்த நாட்களில், கூண்டில் இருப்பதும் அதே 24 மணி நேரக் கணக்கில் நடந்தது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது கணக்கு பிசகி, தன் வழியில் ஓடியது. ஊர் போவதும் வருவதுமே அதற்குக் கடிகாரம். 1981-ல் இது வெளியானது. அதே குழு, அரை மில்லிசெகண்ட் மட்டுமே நீடித்த ஒளிவீச்சு ஒரு வௌவாலின் கடிகாரத்தைத் திருத்திவிடும் என்றும் காட்டியது. 1985-ல் என். விஸ்வநாதனும் சந்திரசேகரனும் 'நேச்சர்' இதழில் எழுதியது வயல்சுண்டெலிக் குட்டிகளைப் பற்றி. வெளிச்சமும் இருட்டும் மாறாத அறையில் தாய் 12 மணி நேரம் இருப்பாள், 12 மணி நேரம் இருக்க மாட்டாள். குட்டிகளின் கடிகாரம் அதற்கே இசைந்துகொண்டது. பாலூட்டிகளின் தாள ஆய்வில் வெளிச்சத்தைத் தவிர மற்றவற்றை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணங்கள் இவை.

இப்போது உங்கள் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். 1998-ல் ஜெனீவாவில் ஊலி ஷிப்லர் ஆய்வகம், பல்லாண்டு காலமாகத் தட்டில் வளர்ந்துவரும் எலிச் செல்களை எடுத்துப் பார்த்தது. மூளையையே காணாத செல்கள். வளர்ப்புக் கரைசலில் சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) ஒரேயடியாகக் கூட்டியதும் கடிகார மரபணுக்கள் எழுந்து விழத் தொடங்கின, ஒரு நாளுக்கு ஒரு சுற்று. பிறகு கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம் என்று எதை வெட்டித் தட்டில் வைத்தாலும் நாட்கணக்கில் ஓடுவது தெரிந்தது. 2014-ல் வந்த ஒரு சுண்டெலி ஆய்வு, புரதங்களுக்கான மரபணுக்களில் 43 சதவீதம் ஏதாவது ஓர் உறுப்பிலாவது நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன என்று கணக்குக் கொடுத்தது. உறுப்புக்கு உறுப்பு பட்டியலே வேறு.

பழைய நகராட்சிச் சங்கு நினைவிருக்கிறதா? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சுவர்க் கடிகாரம் இருக்கும். ஒன்று வேகம், ஒன்று மந்தம். சங்கு ஊதியதும் எல்லோரும் திருத்திக்கொள்வார்கள். சங்கு எந்த வீட்டுக் கடிகாரத்தையும் ஓட வைப்பதில்லை. அது ஊதாவிட்டாலும் கடிகாரங்கள் நிற்காது. ஒரு மாதத்தில் ஆளுக்கொரு நேரமாகிவிடும், அவ்வளவுதான். எஸ்.சி.என். இந்தச் சங்குதான். உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கம், கார்டிசால், நரம்புக் கட்டளை, எப்போது பசிக்க வைப்பது என்பதெல்லாம் அது ஊதும் ஒலிகள். அதன் சொந்த நியூரான்களும் தனித்தனியாகப் பிரித்தால் ஆளுக்கொரு வேகத்தில் ஓடுபவைதான். சேர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. அந்தப் பிடிப்பால் வெப்பம் ஒரு டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாமல் இருக்கிறது. கல்லீரலுக்கு அந்த ஒரு டிகிரியே போதும், திருந்திக்கொள்ளும்.

சிக்கல் இங்கேதான். கல்லீரல் சங்கை மட்டும் கேட்பதில்லை, சாப்பாட்டையும் கேட்கிறது. 2000-ல் ஷிப்லர் குழு, இரவில் உண்ணும் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டது. ஒரு வாரம் சொச்சத்தில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. எஸ்.சி.என். துளியும் நகரவில்லை, அது வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே உடம்பில் இரண்டு நேரம். அதே ஆண்டு இன்னொரு குழு, எலிகளின் பகல் இரவைத் திடீரென மாற்றி வைத்துப் பார்த்தபோது எஸ்.சி.என். சீக்கிரம் மாறியது, மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் பின்தங்கின.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று கடிகாரம். இன்னொன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே போகும் அசதி. இரவு முழுக்க விழித்தவருக்கு அசதி மலையாகச் சேர்ந்திருக்கும். கடிகாரம் "பகல்" என்று சொன்னாலும் தூக்கம் வந்துவிடும். எனவே பகலில் தூங்க முடிவதை வைத்து எஸ்.சி.என். மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு எளிய சோதனை: அதிகாலை நான்கு மணி வாக்கில் கண் செருகி, உடம்பு லேசாகக் குளிர்கிறதா? நாலைந்து மணி நேரம் தூங்கியதும் நடுப்பகலில் தானாக விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்கவில்லையா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் உங்கள் எஸ்.சி.என். இன்னும் பகல் ஆளாகவே இருக்கிறது. தொடர்ந்து இரவு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நிலை இதுதான். வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கும் காலை வெயில் ஒரு காரணம். வார விடுமுறையில் குடும்பத்தோடு பகல் வாழ்க்கைக்குத் திரும்புவது இன்னொரு காரணம்.

அந்த நிலையில் நள்ளிரவில் சாப்பாடு உள்ளே போகிறது. வயிறு திட உணவை வெளியே தள்ளும் வேகம் காலையை விட இரவில் குறைவு. பெருங்குடல் இரவில் ஏறக்குறைய ஓய்வில் இருக்கும், விழிக்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகும். இரவில் அதே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும். சங்கு "ஊர் தூங்குகிறது" என்கிறது. தட்டு "சமையலை ஆரம்பி" என்கிறது. குடலும் கல்லீரலும் நடுவில். கல்லீரல் தட்டின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும், வாரம் இரண்டு நாள் நீங்கள் பகலில் சாப்பிடத் தொடங்கியதும் அதுவும் குலைகிறது. நான்கு மாதம் அல்ல, நான்கு வருடம் ஆனாலும் இந்த முறையில் பழக வழி இல்லை.

என்ன செய்யலாம்? 2021-ல் பாஸ்டனில் 19 பேரை ஆய்வகத்தில் வைத்து, இரவு வேலையைப் போலவே விழிக்கச் செய்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அளவு 6.4 சதவீதம் கூடியது. அதே போல இரவில் விழித்திருந்து, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றோடும் பொருந்துகிறது. ஆகவே முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடியுங்கள். நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில் தண்ணீர், மோர், மிஞ்சிப்போனால் ஒரு வாழைப்பழம். பிரியாணியும் பரோட்டாவும் அந்த நேரத்துக்கு ஆகாது, கேன்டீன் எவ்வளவு வாசனையாக இருந்தாலும். வீட்டுக்கு வந்து லேசாக இரண்டு இட்லி, பிறகு தூக்கம். டீயை ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். பேருந்தில் திரும்புகிறீர்கள் என்றால் கறுப்புக் கண்ணாடி உதவும். பைக் ஓட்டுபவர் என்றால் அதை முயலாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் அது வேறு ஆபத்து. விடுமுறையிலும் சாப்பாட்டு நேரத்தைப் பெரிதாக மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வாரம் இப்படி இருந்தும் வயிறு கல்லாகவே கிடந்தால், அல்லது எடை குறைந்தால், அல்லது ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் முதல் நாளே, இரைப்பை மருத்துவரைப் பாருங்கள். எல்லா வயிற்று வலிக்கும் கடிகாரம் காரணமில்லை.